அடுத்த மாசமும் வரும்னு தெரியறது

சின்னு,

சர்ட்டிபிகேட்டில் இருக்கிற உன் பெயரைச் சொல்லி நான் ஒருநாளும் உன்னைக் கூப்பிட்டதில்லை. இப்போது போஸ்டரில் அந்தப் பெயர்தான் இருக்கிறது, போலீஸ் காகிதத்திலும் அதுதான். அதைப் பார்க்கும்போது யாரோ வேறு வீட்டுப் பிள்ளை போலத் தெரிகிறது. அதனால் சின்னு என்றே எழுதுகிறேன். கோபத்தில்தான் எழுதுகிறேன். செத்துப்போன பிள்ளை மேல் கோபப்படக் கூடாது, அவன் போகிற இடத்துக்கு நிம்மதியாகப் போக மாட்டான் என்று தெருவில் எல்லோரும் சொல்கிறார்கள். அழு, அழுது தீர்த்துக்கொள் என்கிறார்கள். அழுகிறேன்தான். அழுது முடித்து முகம் கழுவி நிமிர்ந்தால் கோபம் அங்கேயே நிற்கிறது. நான் எட்டாவதோடு நின்றவள், உன்னைப் போல ஐ.டி.ஐ. படித்தவள் இல்லை. எழுத்தில் தப்பு இருந்தால் இருக்கட்டும். இதை எழுதி பீரோவில் ஒளித்து வைக்கப் போவதும் இல்லை. யார் வேண்டுமானாலும் படிக்கட்டும். நம் வீட்டில் ஒளித்து வைத்தது போதும்.

நாம் லைன் வீட்டில் இருந்தபோது ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே டி.வி. பார்த்தோமே, உனக்கு ஞாபகம் இருக்கும். பட்ஜெட் சமயம். மிடில் கிளாஸ் குடும்பங்களுக்கு நல்ல செய்தி என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நான் சோற்றைப் பிசைந்தபடி, "நம்மளையும் சேத்துதான் சொல்றாங்களாடா?" என்று கேட்டேன். உன் தங்கை நந்தினி விழுந்து விழுந்து சிரித்தாள். "நமக்கு வரி போடற அளவுக்கு முதல்ல வரட்டும்மா" என்றாள். "சரிடி, ஒரு குடும்பத்துக்கு மாசம் எவ்ளோ வந்தா மிடில் கிளாஸுன்னு சொல்லுவாங்க?" என்றேன். அவள் போனில் தேடினாள். ஒருத்தர் ஒரு கணக்கு சொல்லியிருந்தார், இன்னொருத்தர் வேறு சொல்லியிருந்தார். "இந்தக் கணக்குப்படி நாமளும் மிடில் கிளாஸ், நம்ம ஹவுஸ் ஓனரும் மிடில் கிளாஸ். அந்தக் கணக்குப்படி ஹவுஸ் ஓனரே ஏழை" என்றாள். கதவோரம் தண்ணீர்க் குடத்தோடு நின்றிருந்த பக்கத்து வீட்டு பத்மா, "அதெல்லாம் இல்லக்கா. கேஸ் தீர்ந்தா இன்னொரு சிலிண்டர் ரெடியா இருக்கணும். அவங்கதான் மிடில் கிளாஸ்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நீ மட்டும் சிரிக்கவில்லை. தட்டைப் பார்த்தபடி சொன்னாய். "எவ்ளோ வருதுங்கறது இல்லம்மா. அடுத்த மாசமும் வரும்னு தெரியறது. அதான் மிடில் கிளாஸ்." அப்புறம் சொன்னாய், கம்பெனியில் உன் லைனில் பக்கத்துப் பக்கத்தில் நின்று ஒரே வேலை செய்கிற ரெண்டு பேரில் பர்மனென்ட் ஆனவன் மிடில் கிளாஸ், கான்ட்ராக்டில் இருக்கிறவன் ஓ.டி. பார்த்து அவனைவிட அதிகம் வாங்கினாலும் இல்லை என்று. டி.வி.யில் கோட்டு போட்டு உட்கார்ந்திருந்தவர்கள் யாரும் எனக்குப் புரிகிற மாதிரிச் சொல்லாததை நீ சொன்னாய். எனக்கு அது நன்றாகப் புரிந்தது. உங்கப்பா ஊத்தங்கரையிலிருந்து உன்னைத் தோளில் போட்டுக்கொண்டு ஓசூருக்குப் பஸ் ஏறி வந்து குடோனில் மூட்டை தூக்கினார். கையில் காசு புரண்ட வாரங்களும் இருந்தன. அந்த ஞாயிற்றுக்கிழமை கறி எடுப்போம், உனக்குப் புதுச் சட்டை வரும். அடுத்த வாரம் பத்மா வீட்டில் அரிசி வாங்கி உலை வைப்பேன். காசு வராத வீடு இல்லை நம் வீடு. வரும் என்று தெரியாத வீடு. அதற்கு ஒரு பெயர் இருக்கிறது என்று அன்றைக்கு நீ சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொன்றும் உனக்கு ஞாபகம் இருக்கும். இருக்க வேண்டும், நீ அங்கேதான் உட்கார்ந்து ஹோம் ஒர்க் எழுதிக்கொண்டிருந்தாய். உங்கப்பாவை குடோனில் வேலையை விட்டு நிறுத்திய அன்றைக்கு அவர் வாசலிலேயே நின்றார். செருப்பைக் கழற்றவில்லை. "நிறுத்திட்டாங்க" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நான் என்ன செய்தேன்? ஒப்பாரி வைத்தேனா? தலையில் அடித்துக்கொண்டேனா? "கை கால் கழுவிட்டு வா, சோறு ஆறுது" என்றேன். அவர் வந்து உட்கார்ந்து சாப்பிட்டார். நீ தலையைத் தூக்கி அவரைப் பார்த்தாய், என்னைப் பார்த்தாய், மறுபடி எழுத ஆரம்பித்தாய். நம் வீட்டில் அந்த வார்த்தையை வாசலில் நின்று சொல்லலாம், சொன்னால் சோறு கிடைக்கும் என்று உனக்குக் காட்டித்தானே வளர்த்தேன்? நெஞ்சுவலியில் அவர் போன பிறகு நான் ஒருத்தியாக, பிளாஸ்டிக் கூரை போட்டுப் பூ வளர்க்கிற பாலி ஹவுஸுக்குப் போய் ரோஜா வெட்டி உங்கள் ரெண்டு பேரையும் ஆளாக்கினேனே, எப்போதாவது என் முகம் பார்த்துப் பயந்து நீ எதையாவது மறைத்திருக்கிறாயா? பரீட்சையில் பெயில் ஆனதைக்கூட ஓடிவந்து சொன்னவன்டா நீ.

ஆனி மாசம் முடிகிற சமயம் அது. சாயங்காலம் கதவைத் தட்டினாய். திறந்தேன். கம்பெனிச் சட்டையோடு நிற்கிறாய், கையில் ஸ்வீட் டப்பா. ஓசூரில் இருக்கிற எந்தத் தாய்க்கும் அது என்னவென்று சொல்ல வேண்டியதில்லை. சிப்காட்டில் வேலை செய்கிற பிள்ளை ஸ்வீட் டப்பாவோடு வீட்டுக்கு வந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கல்யாணத்துக்குக்கூட இங்கே அப்படி டப்பா கொடுப்பதில்லை. "பர்மனென்ட் ஆயிடுச்சாடா?" என்று தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு நின்றாய். "ஆமாம்மா" என்றாய். நான் டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு பத்மா வீட்டுக்கு ஓடினேன். லைனில் எல்லா வீட்டுக்கும் மைசூர் பாகு கொடுத்தேன். திரும்பி வந்து பார்த்தால் உனக்கு ஒரு துண்டு மிச்சமில்லை. "நீ தின்னியா?" என்றேன். "தின்னேம்மா" என்றாய். அதுவும் பொய்தான் என்று இப்போது நினைக்கிறேன். இப்போதெல்லாம் எதை எடுத்தாலும் அப்படித்தான் தோன்றுகிறது. உன்னோடு இருந்த ஒவ்வொரு நாளையும் எடுத்து, இது நிஜமா பொய்யா என்று தட்டித் தட்டிப் பார்க்கிறேன். சந்தையில் தேங்காய் தட்டுகிற மாதிரி. பெற்ற பிள்ளையோடு வாழ்ந்த நாளை இப்படிப் பார்க்க வைத்துவிட்டாயே.

அந்த ஒரு வார்த்தையை நம்பி நான் என்னென்ன செய்தேன் பார். பாலி ஹவுஸ் வேலையை விட்டேன். சூப்பர்வைசர் பெண், "ஏன்க்கா, கூலி பத்தலையா?" என்று கேட்டாள். "என் பையன் பர்மனென்ட் ஆயிட்டான், இனிமே நாங்க மிடில் கிளாஸு" என்றேன். அங்கிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஒருத்தி, "அப்ப மிடில் கிளாஸ் அம்மா, போகும்போது எங்களுக்கு ஒரு டீ சொல்லிட்டுப் போங்க" என்றாள். சொல்லிவிட்டுத்தான் வந்தேன். லைன் வீட்டைக் காலி செய்து, பாகலூர் ரோட்டுப் பக்கம் மாடியில் டைல்ஸ் போட்ட வீட்டுக்கு வந்தோம். நீ ஒரே ஒரு தடவை, "இப்ப எதுக்கும்மா, கொஞ்ச நாள் போகட்டுமே" என்றாய். "தங்கச்சியைப் பொண்ணு பாக்க வரவங்கள அந்தக் குழாயடியிலயா உக்கார வெப்ப?" என்றேன். மாசாமாசம் சம்பளத் தேதியில் பணம் என் கைக்கு வந்தது, ஒரு மாசம் தவறவில்லை. அதையும் சொல்ல வேண்டும். கோபம் இருக்கிறது என்பதற்காக இல்லாததைச் சொல்ல மாட்டேன்.

வீடு மாறிய பிறகுதான் காவேரிப்பட்டணத்திலிருந்து நந்தினிக்கு அந்த வரன் வந்தது. மாப்பிள்ளை பேங்கில் வேலை. அவன் அம்மா கெட்டிக்காரி, நேராகப் பேசுகிறவள். காபியைக் கையில் வாங்குவதற்கு முன்பே கேட்டாள். "தம்பி கம்பெனியில பர்மனென்ட்டா, கான்ட்ராக்ட்டா?" நீ எதிரே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாய். நான் உன்னைப் பேசவிடவில்லை, பெருமை எனக்கு. "பர்மனென்ட்டுங்க. ஆனியிலயே ஆயிடுச்சு" என்றேன். அந்தம்மா முகம் மலர்ந்தது. "அண்ணன் கால் ஊனி நிக்கறான்னா போதும். அப்பா இல்லாத பொண்ணுன்னு யாரும் பேச முடியாது" என்றாள். அந்த இடத்திலேயே என்னைச் சம்பந்தி என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். தை மாசம் கல்யாணம் என்று பேசி வெற்றிலை பாக்கு மாற்றினோம். நீ எழுந்து போய் அவர்களுக்குத் தண்ணீர் கொண்டு வந்தாய். கம்பெனிச் சட்டை போட்டிருந்தாய். அதை நான்தான் தேய்த்திருந்தேன்.

இனி அந்தக் காலை. ஃபர்ஸ்ட் ஷிப்ட் என்று சொல்லிவிட்டு இருட்டோடு கிளம்பிப் போனாய். நான் தோசைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தேன், போன் அடித்தது. தெரியாத ஆள். பின்னால் ஒரே சத்தம். "யம்மா, சானமாவு வளைவுல இருந்து பேசறேன். உங்க பையன்... குட்டி யானை அடியில மாட்டிகினாரும்மா. சீக்கிரம் வாங்க." சானமாவு காட்டில் யானை இறங்கியிருக்கிறது, ஜனங்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்று வனத்துறை ஆட்கள் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போன வாரம் அது. சிப்காட்டில் லைனில் நிற்க வேண்டியவனுக்கு ராயக்கோட்டை ரோட்டில் என்ன வேலை என்று எனக்குத் தோன்றவே இல்லை. யானை என்றதும் மூளை நின்றுவிட்டது. மாடிப்படியில் உருண்டு விழாத குறையாக இறங்கி, "என் புள்ளைய யானை மிதிச்சிடுச்சு" என்று கத்தினேன். தெருவே கூடிவிட்டது. ஆட்டோக்காரர் காசு பேசாமல் ஏற்றிக்கொண்டார். வழியெல்லாம் அவர் எனக்கு ஆறுதல் சொன்னார். "குட்டின்னுதானேம்மா சொன்னாங்க. பெரிய யானைன்னாதான் ஆபத்து. குட்டி தள்ளிட்டுப் போயிடும்." அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டே போனேன் சின்னு. குட்டிதான், குட்டிதான் என்று சொல்லிக்கொண்டே போனேன்.

வளைவில் ரோடு முழுக்கத் தக்காளி. ஆட்டோ சக்கரம் அதன்மேல் ஏறி வழுக்கியது. இறங்கி ஓடினேன். யானையைக் காணோம். ஒரு போலீஸ்காரர் நின்றிருந்தார். "யானை எங்கங்க? புடிச்சிட்டாங்களா?" என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. "எந்த யானைம்மா?" என்றார். "குட்டி யானைங்க, என் பையனை..." என்றேன். அவர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார். அப்புறம் கையை நீட்டிக் காட்டினார். ரோட்டோரப் பள்ளத்தில் ஒரு சின்ன லோடு வண்டி சக்கரம் நாலும் மேலே தெரியக் கவிழ்ந்து கிடந்தது. "இதாம்மா குட்டி யானை" என்றார். ஊரில் எல்லோரும் அந்த வண்டியை அப்படித்தான் சொல்கிறார்கள், நானும் அப்படித்தான் சொல்கிறேன். நம் வீட்டுச் சாமான்களை மாடிக்குக் கொண்டுவந்ததே ஒரு குட்டி யானையில்தான். அன்றைக்கு மட்டும் எனக்கு அது மிருகமாகக் கேட்டது. உன்னை அதற்குள் ஆம்புலன்ஸில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். உள்ளே கிடந்த சாமான்கள் என்று ஒரு போன், ஒரு டிபன் பாக்ஸ், ஒரு பிளாஸ்டிக் கவர் எடுத்துக் கொடுத்தார்கள். கவரில் உன் கம்பெனிச் சட்டை இருந்தது. முந்தின நாள் நான் தேய்த்தது. மடிப்பு கலையவில்லை.

ஆஸ்பத்திரியில் உன் முகத்தைக் காட்டினார்கள். அதைப் பற்றி நான் எழுத மாட்டேன்.

வெளியே வேப்பமரத்தடியில் வண்டி முதலாளி உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். தெலுங்குக்காரர், வயசானவர். "ஏம் சேஸ்தாம்மா, என்ன பண்றது, நல்ல பையன்மா. ஒருநாள் லேட்டா வந்தவன் இல்ல. ராயக்கோட்டை மண்டியில தக்காளி ஏத்தி அத்திப்பள்ளில இறக்கிட்டு, மத்தியானம் வேற லோடு கேட்டு வாங்குவான். தூக்கம் பத்தாம வளைவுல கண்ணு அசந்துட்டான் போல" என்றார். "எப்பலருந்துங்க ஓட்டறான்?" என்றேன். "ஆடிலருந்தும்மா" என்றார். ஆனி முடிவில் நீ ஸ்வீட் டப்பாவோடு வந்தாய். ஆடியில் தக்காளி ஏற்ற ஆரம்பித்துவிட்டாய். அப்படியென்றால் நடுவில் ஒரு மாசம்கூட நாம் மிடில் கிளாஸாக இருந்ததில்லை. நான் அந்த டைல்ஸ் வீட்டைத் துடைத்துத் துடைத்து வைத்தேனே, அது எந்த வீடு? வாரம் முழுக்க நான் துவைத்துத் தேய்த்த சட்டைகளை நீ எனக்குத் தெரியாமல் கழற்றி மடித்து கவரில் வைத்துவிட்டு, திரும்பி வரும்போது மாட்டிக்கொண்டு வந்திருக்கிறாய். போடாத சட்டையைத் துவைத்தவள் நான். ஒருநாள் காலரில் தக்காளி விதை ஒட்டியிருந்தது. கேட்டதற்கு, "கேன்டீன்ல ரசம் சிந்திடுச்சு" என்றாய். நானும் கேன்டீன்காரனைத் திட்டிக்கொண்டே கசக்கினேன்.

இதற்கு மேல் ஒன்று இருக்கிறது. வீட்டுக்கு வந்து நந்தினியைக் கட்டிக்கொண்டு, "உங்கண்ணன் லோடு வண்டி ஓட்டியிருக்கான்டி" என்றேன். அவள் திடுக்கிடவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது. காலேஜ் பஸ்ஸிலிருந்து உன்னைப் பார்த்திருக்கிறாள், நீ அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாய். அவளுக்குத் தெரியும், வண்டி முதலாளிக்குத் தெரியும், உனக்குச் சட்டை மாற்ற இடம் கொடுத்த டீக்கடைக்காரனுக்குத் தெரியும், மண்டியில் மூட்டை தூக்குகிறவர்களுக்கெல்லாம் தெரியும். உன்னைப் பெற்றவளுக்குத் தெரியாது. எல்லோரும் சேர்ந்து என்னை ஒரு பொம்மைக் கல்யாணத்தில் உட்கார வைத்திருக்கிறீர்கள். நீ வண்டி ஓட்டியது எனக்கு அவமானமா? நான் முள் குத்தின கையோடு உன்னை வளர்த்தவள். டைல்ஸ் தரை இல்லாமல் நான் எத்தனையோ வருஷம் இருந்தேன், உண்மை தெரியாமல் ஒருநாளும் இருந்ததில்லை.

ஆனால் ஊரில் வேறு கதை பரவியிருந்தது. நான் தெருவில் கத்தியதை வைத்து எல்லோரும் யானை என்றே பேசிக்கொண்டார்கள். உங்கள் மாமா ஊத்தங்கரையிலிருந்து வந்து என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "யானை அடிச்சா கவர்மென்ட்ல ஏதோ குடுக்கறாங்களாமே, எழுதிப் போடலாமா?" என்றார். "எந்த யானையை எழுதறது? நம்பர் பிளேட் இருக்கற யானையையா?" என்று கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். காரியம் முடிந்த மறுவாரம் காவேரிப்பட்டணத்துக்காரர்கள் வருகிறார்கள் என்று செய்தி வந்தது. நந்தினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அம்மா, அவங்களும் யானைன்னுதான் கேள்விப்பட்டிருக்காங்க. அப்படியே இருக்கட்டும்மா. நீ பொய் சொல்ல வேணாம். குட்டி யானைன்னு மட்டும் சொல்லிட்டு நிறுத்திடு. மிச்சத்த அவங்களே நினைச்சுக்குவாங்க." அவள் சொன்னதில் தப்பு இல்லை. குட்டி யானை என்றால் அது சத்தியமான வார்த்தை. கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கியவனை யானை அடித்தது, பர்மனென்ட் பிள்ளை, பாவம் என்று அவர்களே முடித்துக்கொள்வார்கள். கல்யாணம் நடக்கும். என் மகள் வாழ்க்கை ஒரு வார்த்தையைப் பாதியில் நிறுத்துவதில் இருந்தது.

அந்தம்மா வந்து என்னைக் கட்டிக்கொண்டு உண்மையாகவே அழுதாள். மாப்பிள்ளைப் பையன் சுவரோரம் நின்றான். "சம்பந்தி, யானையாமே? கம்பெனிக்குப் போற புள்ளைக்கு இப்படி ஒரு விதியா?" என்றாள். "குட்டி யானைதான் சம்பந்தி" என்றேன். அவள், "சிவ சிவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அங்கே நிறுத்தியிருக்கலாம். நந்தினி சமையலறை வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பர்மனென்ட் புள்ளைதானே, கம்பெனில நந்தினிக்கு ஏதாவது வேலை போட்டுத் தருவாங்களா?" என்று கேட்டாள். எனக்கு உன் தட்டு ஞாபகம் வந்தது சின்னு. அடுத்த மாசமும் வரும்னு தெரியறது என்று சொன்னாயே, அந்தத் தட்டு. இவளும் அதைத்தான் கேட்கிறாள். இந்த வீட்டில் நாளைக்கும் ஒன்று இருக்கும் என்று தெரிந்துகொள்ளப் பார்க்கிறாள். எனக்கு நீ செய்ததை என்னால் அவளுக்குச் செய்ய முடியவில்லை. "சம்பந்தி, குட்டி யானைன்னா லோடு வண்டி. என் பையன் அதை ஓட்டிகினு போயிதான் செத்தான். கம்பெனியில அவன் இல்ல" என்றேன்.

அந்தம்மா மெல்ல என் தோளிலிருந்து கையை எடுத்தாள். கத்தவில்லை. "லோடு வண்டி ஓட்டறது கேவலம் இல்லைங்க. எங்க வூட்டுக்காரர் லாரியில கிளீனரா இருந்தவர்தான். வண்டி ஓட்டறான்னு அன்னிக்கே சொல்லியிருந்தாலும் நாங்க பொண்ணு எடுத்திருப்போம். மறைச்சிட்டீங்களே." நான் சொன்னேன், "எனக்கே தெரியாதுங்க." அவள் என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிறவரை மறக்க மாட்டேன். "பெத்த தாய்க்குத் தெரியாதா?" என்றாள். அதற்கப்புறம் சம்பந்தி என்று கூப்பிடவே இல்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று போனவர்கள் ஆள் மூலமாகத்தான் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினார்கள். வெற்றிலைத் தட்டும் திரும்பி வந்தது. நந்தினி என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள். "அண்ணன் பொய் சொல்லியாவது என்னைக் கரையேத்தப் பாத்தான். நீ உண்மையச் சொல்லி இறக்கி வுட்டுட்ட." அதிலிருந்து சோறு போட்டால் சாப்பிடுகிறாள், பேசுவதில்லை. ஊரில் நான் பொய்க்காரி ஆகிவிட்டேன், வீட்டில் உண்மை பேசினதற்காகக் கெட்டவள் ஆகிவிட்டேன். ரெண்டும் நீ வைத்துவிட்டுப் போனது.

மாடி வீட்டைக் காலி செய்தோம். பழைய லைனில் வேறு வீடு கிடைத்தது. பாலி ஹவுஸுக்கு மறுபடி போகிறேன். அன்றைக்கு டீ கேட்டவள் என்னைப் பார்த்ததும் தன் கையுறையில் ஒன்றைக் கழற்றிக் கொடுத்தாள். உனக்கு இனிமேல் நான் புத்தி சொல்லி என்ன ஆகப் போகிறது? இருந்தாலும் வாய் சும்மா இருக்க மாட்டேன் என்கிறது. தூக்கம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்து. டிபன் பாக்ஸைத் திறக்காமல் கிளம்பாதே, அன்றைக்கு நான் வைத்த எலுமிச்சைச் சாதம் அப்படியே இருந்தது. இதைப் படிக்கிற வேறு வீட்டுப் பிள்ளைகளுக்கும் சொல்கிறேன். வேலை போனால் வாசலில் நின்று போச்சு என்று சொல்லுங்கள். எங்களுக்கு மாசாமாசம் வர வேண்டியது பணம் இல்லை. நாளைக்கும் நீங்கள் வருவீர்கள் என்று தெரிந்தால் போதும்.

இதை எழுதாமலே விட்டிருப்பேன். போன வாரம் சாதிக் வந்தான். உன்னோடு லைனில் நின்றவன், சூளகிரிப் பையன், நீ அடிக்கடி சொல்வாயே. ஷிப்ட் முடித்து கம்பெனிச் சட்டையோடே வந்திருந்தான். ஆப்பிள் பையை மடியில் வைத்துக்கொண்டு அதன் காதைத் திருகிக்கொண்டே இருந்தான். அப்புறம் சொன்னான். "எங்க பேட்ச்ல பர்மனென்ட் லிஸ்ட் போட்டாங்கம்மா. எனக்குப் பேர் வந்துச்சு, அவனுக்கு வரல. பேர் வராதவங்கள அன்னிக்கே நிறுத்திட்டாங்க. கேட்டுக்கு வெளிய வந்ததும் நான்தான் அழுதேன். அவன் அழல. 'ஏன்டா அழுவுற, பர்மனென்ட் ஆனவன் ஸ்வீட் வாங்கித் தரணும்டா'ன்னு கடைக்கு இழுத்துகினு போனான். ரெண்டு டப்பா வாங்கினேன். ஒண்ணு எங்க வூட்டுக்கு, ஒண்ணு உங்களுக்கு. சாதிக்குக்கு ஆயிடுச்சுன்னு அம்மா கிட்ட சொல்லிக் குடுடான்னு சொல்லி அனுப்பினேன்." நான் அவனுக்குத் தண்ணீர் கொண்டுவர எழுந்தேன். எழுந்தவள் எதற்கு எழுந்தேன் என்று தெரியாமல் நின்றேன்.

அவன் போன பிறகு யோசித்துப் பார்க்கிறேன். உனக்குப் பர்மனென்ட் ஆகிவிட்டது என்று நீ உன் வாயால் சொல்லி நான் கேட்டதே இல்லை. பத்மாவிடம் நான் சொன்னேன். பாலி ஹவுஸில் நான் சொன்னேன். பெண் பார்க்க வந்தவர்களிடமும் நான்தான் சொன்னேன். நீ சொன்னது ஒரே ஒரு "ஆமாம்மா". அதற்காக உன்னை விட்டுவிட மாட்டேன். அன்றைக்குச் சொல்ல வாய் வரவில்லை என்றால் மறுநாள் சொல்லியிருக்கலாம், வீடு மாறும்போது சொல்லியிருக்கலாம், வெற்றிலை மாற்றுகிற அன்றைக்காவது என்னை உள்ளே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். ஒரு வார்த்தையை என் தலையில் கட்டிவிட்டு, அதை உண்மையாக்க ராயக்கோட்டைக்கும் அத்திப்பள்ளிக்கும் ஓடிக்கொண்டே இருந்தாய். கோபம் தீரவில்லை சின்னு. ஆனால் கண்ணை மூடினால் அந்தக் கதவுதான் வருகிறது. தட்டுகிற சத்தம் கேட்கிறது, திறக்கிறேன், டப்பாவோடு நிற்கிறாய். வாயைத் திறந்து ஏதோ சொல்ல வருகிறாய். அதற்குள் நான் கத்திவிடுகிறேன்.

அன்றைக்குக் கதவைத் திறந்ததும் நான் அப்படிக் கத்தாமல், "ஏது சின்னு இந்த ஸ்வீட்டு, யாரு குடுத்தா?" என்று மட்டும் கேட்டிருந்தால், நீ என்னடா சொல்லியிருப்பாய்?